ஒரு மணி நேரம் முந்திய சம்பந்தம்

சிம்கெந்த்,
செவ்வாய்க்கிழமை

தாராஸ் நகரில் வாழும், மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய, எனக்கு இன்னும் சம்பந்தி ஆகாத சம்பந்தி துர்சின்பெக் அவர்களுக்கு, அக்மராலின் தகப்பன் கைரொல்லா பணிவுடன் எழுதிக்கொள்வது.

உங்கள் வீட்டில் உயிர்களும் கால்நடைகளும் சுகமா என்று முதலில் கேட்க வேண்டும். உங்களிடம் கால்நடை கிடையாது, டயர் கடைதான் என்பதால் உயிர்களும் டயர்களும் சுகமா என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் துணைவியாரின் முழங்கால் வலியும், அண்ணன் ஒராஸ்காலி அவர்களின் கோபமும் சற்றே தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை, முறைக்காக எழுதிவிட்டேன். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். என் கையில் இப்போது இருக்கும் பொருள்களில், நான் சொல்லாமல் தானாக எதையும் எவருக்கும் அனுப்பிவிடாத பொருள் இது ஒன்றுதான்.

சனிக்கிழமை நீங்கள் என் வீட்டிலிருந்து ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் தின்னாமல் எழுந்து போனீர்கள். பெண் வீட்டார் கையால் ஊட்டி நீங்கள் தின்றிருந்தால் இரண்டு வீடும் சம்பந்தம். அதற்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தின்னாமல் போனதால் நீங்கள் தேநீர் குடித்துவிட்டுப் போன விருந்தாளி, நான் தேநீர் ஊற்றியவன், என் மகள் உங்களுக்கு யாருமில்லை. இது என் தவறு. இந்தத் தவறு எப்படி நடந்தது என்பதை நீங்கள் ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டால், அப்புறம் என்னைத் திட்டினாலும் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நான் ரயில்வேயில், எந்த வண்டி எந்தத் தடத்தில் எப்போது போக வேண்டும் என்று சொல்லும் அறையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். தாமதமாக வரும் வண்டியை ஜனங்கள் திட்டுவார்கள், அப்புறம் ஏறிக்கொள்வார்கள். நேரத்துக்கு முன்னால் கிளம்பிப்போன வண்டியை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். என் காலத்தில் ஒரு சரக்கு வண்டிகூட முன்னால் கிளம்பியதில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. என் மனைவி சவுலேயின் தம்பி மெய்ரம்பெக்கை நீங்கள் அறிவீர்கள், விருந்து மண்டபம் நடத்துகிறவன். அவன் வசந்த காலத்தில் ஒருநாள் வந்து, "அத்தான், ஜன்னல்ல உக்காந்து போற வர்ற ரயிலுக்கு நேரம் பாத்துட்டிருக்கீங்க. மண்டபத்துக்கு மூணு அக்கவுண்ட் இருக்கு, பாத்துக்க ஆளில்ல. நேரத்துக்குப் படம் போடணும், அவ்வளவுதான். நேரம்னா உங்கள விட்டா எனக்கு யாரு?" என்றான். நான் உச்சி குளிர்ந்துபோனேன். சவுலே மட்டும், ஓய்வூதியக்காரனுக்கு இணையம் எதற்கு, பேசாமல் ஆப்பிள் மரத்துக்கு வெள்ளையடிக்கக் கூடாதா என்றாள். மரத்துக்கு வெள்ளையடித்திருக்கலாம். மரம் எந்தச் செய்தியையும் வெளியிட்டிருக்காது.

மூன்று அக்கவுண்டையும் ஒரே இடத்திலிருந்து ஆளுகிற செயலிகள் இருப்பதாக மெய்ரம்பெக் சொன்னான். தரவிறக்கம் செய்ய வேண்டியதில்லை, கணினியில் இணையத்தைத் திறந்து உள்ளே போனால் போதும். ஒன்றை வாங்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும் என்பது சந்தையில் ஆடு வாங்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம். நானும் மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவற்றின் உண்மைப் பெயரை எழுதினால் வக்கீல் வந்து நிற்பார் என்று பயந்து, கழுதை, குதிரை, ஒட்டகம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். கழுதைக்குக் காசு கிடையாது. ஆனால் ஒரு நேரத்தில் சில படங்களைத்தான் சுமக்கும், அதற்கு மேல் ஒன்றை ஏற்றினால் அசையாமல் நின்றுவிடும். வீடியோ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதைச் செய்யச் சொன்னாலும், நிச்சயமாகவா, நிச்சயமாகத்தானா என்று கேட்டுக்கேட்டுத்தான் செய்யும். அந்தக் கேள்வி அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் கழுதையின் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருக்கிறது. குதிரை பார்க்க அழகு. உங்கள் வாடிக்கையாளர்கள் வியாழக்கிழமை காலையில்தான் நல்ல மனநிலையில் இருக்கிறார்கள், அப்போது போடுங்கள் என்று அதுவே யோசனை சொல்லும். படத்துக்குக் கீழே எழுத வேண்டியதையும் அதுவே எழுதிக் கொடுக்கும். பெரியவர் முன்னால் வைக்கிற வெந்த ஆட்டுத்தலையின் படத்தை ஏற்றினேன். 'இந்த இனிய புன்னகை உங்கள் நாளையும் மலரச் செய்யட்டும்' என்று எழுதிக் கொடுத்தது. அன்றே லாயத்தில் கட்டிவிட்டேன்.

ஒட்டகம்தான் என்னை மயக்கியது. மூன்று அக்கவுண்டும், வேண்டுமானால் வீட்டு அக்கவுண்டும் சேர்த்து, எல்லாம் ஒரே பலகையில் வரும். எது எப்போது போகிறது என்று வண்ண வண்ணமாகக் கோடு போட்டுக் காட்டும். என் பழைய அறையில் சுவரில் மாட்டியிருந்த வண்டி நேர வரைபடத்தைப் போலவே இருந்தது, சம்பந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாருடைய கமெண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து கொட்டி, நாம் தூங்கினாலும் அதுவே பதில் எழுதும். முதல்நாள் அது உங்கள் ஊர் எது என்று கேட்டது. பட்டியலில் சிம்கெந்த் இல்லை. அல்மாட்டி இருந்தது. இரண்டுக்கும் ஒரே நேரம்தானே என்று அல்மாட்டியைத் தொட்டேன். நாடு முழுக்க ஒரே நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினார்களே, அன்று நம் பக்கத்தில் எத்தனை பேர் பொழுது சீக்கிரம் சாய்கிறது என்று புலம்பினார்கள்? நானும் புலம்பினேன். நாம் புலம்பிய விஷயம் அந்த ஒட்டகத்தின் காதில் விழவேயில்லை. எங்கோ கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் செய்த பிராணி, இன்னும் பழைய மணியிலேயே நடந்துகொண்டிருந்தது. மண்டபத்துப் படங்கள் நான் சொன்னதற்கு முன்னாலேயே போய்விடுவதை ஓரிரு தடவை கவனித்தேன். சுறுசுறுப்பான ஒட்டகம் என்று நினைத்தேன். வேறு எவனாவது இப்படி நினைத்திருந்தால் அவனை நான் அறையிலிருந்து வெளியே அனுப்பியிருப்பேன்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி யாருக்கு முதலில் போனது என்பதுதான் செய்தியைவிடப் பெரிது. என் மூத்த மகன் பிறந்தபோது அக்டோபேயில் இருக்கும் சித்திக்குக் கடைசியில் தகவல் போனது என்று அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சூயின்ஷி என்று கூவிக்கொண்டு முதலில் ஓடிவந்து நல்ல சேதி சொல்கிறவனுக்குத்தானே பரிசு. ஆகவே போன கல்யாணத்தில் இரண்டு மச்சினன்மார் வாசலில் இடித்துக்கொண்டு ஒருவனுக்குப் பல் ஆடிப்போனது. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே நொடியில் போகட்டும் என்று எண்ணினேன். நல்ல எண்ணம்தானே? 'வால்கொழுப்பும் ஈரலும் உண்டாயிற்று, தாராஸ் துர்சின்பெக் வீட்டாரும் நாங்களும் இன்றுமுதல் சம்பந்திகள்' என்று முன்கூட்டியே எழுதி, வீட்டு அக்கவுண்டிலும் மண்டபத்து அக்கவுண்டுகளிலும் ஒன்றாகப் போகும்படி ஒட்டகத்தின் மேல் ஏற்றினேன். நீங்கள் தின்று முடித்து, அதன்பின் ஒரு மணி நேரம் கழித்துப் போகும்படி வைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் ஒட்டகம் தின்றுவிட்டது.

படம் இல்லாமல் ஏற்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. நீங்கள் தின்னும் படம் நீங்கள் தின்றால்தானே கிடைக்கும்? அதுவரை இடத்தைப் பிடித்துவைக்க, மண்டபத்துப் படங்களில் ஒன்றை எடுத்து வைத்தேன். கெந்தாவில் சிமெண்ட் வியாபாரம் செய்யும் ஒரு பருத்த மனிதருக்கு, அவர் வீட்டு விசேஷத்தில், மெய்ரம்பெக் தன் கையாலேயே வால்கொழுப்பை ஊட்டிவிடுகிற படம். மண்டபக்காரர் என்ற மரியாதைக்காக அவர்களே அவனை ஊட்டச் சொன்னார்கள். உண்மைப் படம் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த மனிதர் இனி என் கனவிலும் வாயைத் திறந்துகொண்டு வருவார்.

மீதி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். தேநீர் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தை எங்கே வைப்பது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. ஒராஸ்காலி அண்ணன், இரண்டு வீட்டுக்கும் ஏழு தலைமுறைக்கு ரத்த உறவில்லை என்று உறுதிசெய்ய, உங்கள் பாட்டன்மாரை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டனும் எங்கே குதிரை மேய்த்தார், யாரோடு சண்டை போட்டார் என்பதோடு வந்தார். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று என் கணக்கில் நான் வைக்கவில்லை. இது அண்ணனைக் குறை சொல்வதல்ல, என் கணக்கைக் குறை சொல்வது. ஈரல் இன்னும் அடுப்படியில்தான் இருந்தது. அப்போது அறையில் இருந்த எல்லாப் போனும் சேர்ந்தாற்போல அடித்தன. அண்ணன் எடுத்தார். தாராஸிலிருந்து அண்ணியின் குரல் எனக்கே கேட்டது: "சூயின்ஷி, சூயின்ஷி. வால்கொழுப்பு தின்னுட்டீங்களாமே, எனக்கு என்ன தரப்போறீங்க?"

"நான் எங்கடி தின்னேன்," என்றார் அண்ணன். "நான் இன்னும் அஞ்சாவது பாட்டன்கிட்டதான் நிக்கிறேன்."

அதற்குள் உங்கள் போனிலும் வந்துவிட்டது. நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்: "கை உங்க வீட்டுக் கை. பொண்ணோட மாமா கை. வாய் என்னோடது இல்லையே, கைரொல்லா. எனக்கு முன்னாடி யாருக்கு ஊட்டுனீங்க?"

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. "அவர் சிமெண்ட் வியாபாரி" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னதும் என் மகளை ஏற்கெனவே ஒரு சிமெண்ட் வியாபாரி வீட்டுக்குப் பேசி முடித்து, அவர்கள் வேண்டாமென்ற பிறகு டயர் கடைக்குக் கொடுக்கிறேன் என்பது போல ஆகிவிட்டது. நான் எழுந்து கணினிக்கு ஓடினேன். நீங்கள் அதைத் தப்பி ஓடுவதாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஒட்டகம் உடனே உள்ளே விடவில்லை. நீ மனிதன்தானா என்று கேட்டு, போக்குவரத்து விளக்கு இருக்கும் படங்களையெல்லாம் தொடச் சொன்னது. அவசரத்தில் ஒரு கம்பத்தைத் தொட்டுவிட்டேன், மறுபடியும் முதலிலிருந்து. பாஸ்வேர்டு சரி, ஆனால் ரகசிய எண்ணை மெய்ரம்பெக்கின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றது. மெய்ரம்பெக் முற்றத்தில் கறி அண்டாவில் முழங்கை வரை எண்ணெயோடு நின்றான், போன் கோட்டில், கோட்டு காரில், கார் சாவி எங்கேயோ. ஒருவழியாக உள்ளே போய் நீக்கு என்று அழுத்தினேன். 'உங்கள் பலகையிலிருந்து நீக்கப்பட்டது' என்று பச்சைக் குறி காட்டியது. பலகையிலிருந்து மட்டும்தான் நீங்கியதாம். ஊர் பார்க்கிற இடத்தில் சிமெண்ட் வியாபாரி அப்படியே மென்றுகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஒராஸ்காலி அண்ணன் மண்டபத்து அக்கவுண்டில் கோபமாக ஒரு கமெண்ட் எழுதியிருக்கிறார்: 'வெட்கமில்லையா, யார் இந்த ஆள்?' அதற்கு ஒட்டகம் தானாகவே பதில் எழுதியிருக்கிறது: 'உங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றி! இருநூறு விருந்தினருக்கு மேல் என்றால் குதிரைக்கறி எங்கள் செலவு.' அண்ணன் இரண்டாவது தடவை இன்னும் கடுமையாக எழுத, இன்னும் கனிவாகப் பதில் போயிருக்கிறது. அந்தக் கனிவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். என் தோழர்கள் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. அக்மரால் பக்கத்து அறையில், முறைப்படி தலையில் வெள்ளைத் துணி போர்த்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் எத்தனை பேர் கத்தினாலும் கை நடுங்காமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண். அன்று காலையிலிருந்து நான்கு தடவை முகம் கழுவிவிட்டாள். அவள் போனிலும் செய்தி வந்தது. முடிந்துவிட்டது, தன்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, யாரும் அழைக்காமல் தானாகவே எழுந்து வந்து, உங்கள் எல்லார் முன்னாலும் தலை குனிந்து வணங்கி நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் போட வேண்டிய காதணியோடு யாருடைய கையும் நீளவில்லை. உங்கள் துணைவியார் காதணி இருந்த கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன், கையில் மெய்ரம்பெக்கின் கோட்டு.

நீங்கள் எழுந்தீர்கள். அவ்வளவு கோபத்திலும், வீட்டு ரொட்டியைத் தொடாமல் போகக்கூடாது என்று ஒவ்வொருவரும் நின்றபடியே ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனீர்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். உங்களுக்குப் போர்த்துவதற்காக வாங்கிய அங்கி இன்னும் நாற்காலியில் கிடக்கிறது. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பதறுகிறேன். ஞாயிறு காலையில் அக்மராலிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்னு நினைச்சீங்க. எனக்கும் அவங்களோட சேர்ந்துதான் தெரிஞ்சுது," என்றாள். சித்திக்கும் மச்சினனுக்கும் மனம் நோகக் கூடாது என்று அத்தனை திட்டம் போட்ட எனக்கு, என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, சம்பந்தி. நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

உங்கள் மகன் தவுரென் அவளுக்குப் போன் செய்வதாகத் தெரிகிறது, அவள் எடுப்பதில்லை. யாரும் கூப்பிடாமல் போய் நான் தலை குனிந்தது போதும் என்கிறாளாம். ஆகவே, முழுப் பழியையும் என் தலையில் ஏற்றுக்கொண்டு, தகப்பன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது: இந்த வீட்டில் முதலில் வாய் திறந்து வால்கொழுப்பு உண்ணும் சம்பந்தி நீங்கள்தான், வேறு எவரும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது, சிமெண்ட் வியாபாரி அப்பாவி, ஒட்டகத்துக்கு நான் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டேன். மெய்ரம்பெக்கின் மூன்று அக்கவுண்டும் இப்போது கழுதையின் முதுகில். வரும் சனிக்கிழமை நீங்கள் வர வேண்டும். ஒராஸ்காலி அண்ணன் முதல் பாட்டனிலிருந்து மறுபடி தொடங்கட்டும், ஏழாவது பாட்டன் வரைக்கும் நான் மூச்சு விடாமல் கேட்கிறேன். கணினியை அன்று பக்கத்து வீட்டில் வைத்துவிடுகிறேன்.

உங்கள் குடும்பத்தில் உணவு விரிப்பு நிறைந்தே இருக்கட்டும், உங்கள் வாசலில் வண்டிகள் நிற்கட்டும், டயர்கள் தேயட்டும் (மற்றவர்களுடையவை). சின்னவர்களுக்கு என் நெற்றி முத்தம், பெரியவர்களுக்கு என் இரு கைகள்.

என்றும் வருத்தத்துடன்,
உங்கள் தவறு செய்த சம்பந்தி,
கைரொல்லா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் சவுலேக்கு வாசித்துக் காட்டினேன், மரியாதையில் எங்காவது குறை இருந்தால் சொல்வாள் என்று. அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். 'தின்னாமல் எழுந்து போனீர்கள்' என்ற இடத்தில் கையை நிறுத்தினாள்.

"யாரு தின்னல?" என்றாள்.

சம்பந்தி என்றேன்.

"அவரு தின்னாரே."

அன்று அண்ணன் இரண்டாவது பாட்டனில் இருந்தபோது நீங்கள் கை கழுவுவதாக எழுந்து முற்றத்து அடுப்படிக்குப் போனீர்களாம். ரத்த அழுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் போடக் கூடாது, ஏதாவது கொடுங்கள் தங்கச்சி என்று கேட்டீர்களாம். வெட்டுப் பலகையில் இருந்தது அதுதான். அவள் ஒரு துண்டு ஈரலின் மேல் ஒரு துண்டு வால்கொழுப்பை வைத்து நீட்ட, உங்கள் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீரும் இருந்ததால் வாயைத் திறந்தீர்கள், அவளே ஊட்டினாள். பிஸ்மில்லா சொல்லித்தான் தின்றீர்களாம். உப்பு சரியாக இருக்கிறது என்று இன்னொன்றும் கேட்டீர்களாம். பெண்ணின் தாய் கையால், பெண்ணின் வீட்டில், மாப்பிள்ளையின் தகப்பன், இரண்டு துண்டு. விருந்தாளி அடுப்படியில் நின்று தின்றதை வெளியே சொல்வது மரியாதை இல்லை என்று அவள் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்கவில்லை, சம்பந்தி.

ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செய்தி போனபோது அது உண்மையாகத்தான் இருந்தது. கடிதத்தை வேறு தாளில் எழுத நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

கதவுக்குப் பின்னால் நின்று அக்மரால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்போ நான் எழுந்து வந்தது சரியான நேரந்தானாப்பா?" என்று கேட்டாள். சரியான நேரம்தான் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதீர்கள்.